முனிரத்தினம் அண்ணனுக்கு வாங்கிய மாலை

கதவைத் திறந்தது முனிரத்தினம் அண்ணன்தான்.

அவர் செத்துப்போனதற்குத் துக்கம் கேட்க நான் போயிருந்தேன். கையில் ரோஜாவும் சாமந்தியும் வைத்துக் கட்டிய பெரிய மாலை. வாழையிலையில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். டவுன் பஸ் நெரிசலில் இலை கிழிந்து, மாலை பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் லுங்கி கட்டி, தோளில் துண்டு போட்டிருந்தார். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். வேர்க்கடலையாக இருக்கும்; அவர் நிலத்தில் விளைந்தது. என்னைப் பார்த்ததும் மெல்லுவது நின்றது. கண் என் முகத்திலிருந்து மாலைக்கு இறங்கியது. மறுபடி முகத்துக்கு ஏறியது.

"யாருக்குப்பா மாலை?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா... நீங்க... உங்களுக்கு..." என்று என்னவோ உளறினேன்.

"யாருக்குன்னு கேக்கறேன் இல்ல? ஊர்ல யார்னா பூட்டாங்களா?"

அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

டைப்ரைட்டிங் கடை பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது, "ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கே போவீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதைச் சொன்னால்தான் இந்த மாலை எப்படி என் கைக்கு வந்தது என்பது விளங்கும்.

ஒரு தட்டு, இரண்டு கைகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருத்தணி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் டைப்ரைட்டிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். வாரம் முழுக்கப் பட்டா மனு, வாரிசுச் சான்று மனு என்று தட்டித் தட்டி, தூங்கும்போதும் காதில் அந்த டக்டக் சத்தம்தான். ஞாயிறு காலை ரயில் ஏறிவிடுவேன். மெட்ராசில் பழைய இசைத்தட்டு விற்கும் கடைகளைத் தேடி அலைவதுதான் என் ஞாயிற்றுக்கிழமை.

இந்தக் கடைகளுக்குப் போர்டு இருக்காது. யாரைக் கேட்டாலும் தெரியாது. நான் கண்டுபிடித்த வழி, ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர்களைக் கேட்பது. ரெக்கார்டு பிளேயருக்கு முள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தால் ஒரு சந்துக்கு வழி காட்டுவார்கள். அந்தச் சந்தில் முள் விற்பவர் இன்னொரு சந்தைக் காட்டுவார். அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில், பழைய கடிகாரங்களுக்கும் உடைந்த டைப்ரைட்டருக்கும் நடுவில், ஈர அட்டையும் ரசகற்பூரமும் கலந்த அந்த வாசனை வரும். வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

நல்ல கடையா என்று உள்ளே நுழையாமலே சொல்லிவிடலாம். நல்ல கடையில் தட்டுகள் புத்தகம் மாதிரி நிற்கும். மோசமான கடையில் அப்பளம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். அடியில் இருப்பது வளைந்தே போயிருக்கும். நல்ல கடைக்காரர் போட்டுக் கேட்டுவிட்டு வாங்கச் சொல்வார். நாம் தட்டைப் புரட்டும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார். நம் முகத்தைப் பார்த்து விலை வைப்பவர் கடையில் மறுபடி கால் வைக்கக்கூடாது.

இந்தப் பரீட்சை எல்லாவற்றிலும் தேறியது திருவல்லிக்கேணியில் ஒரு பாய் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்கவேண்டும். ஒருநாள் அங்கே நாகஸ்வரத் தட்டு ஒன்றை இழுத்தேன். வரவில்லை. மறுபக்கம் இன்னொரு கை அதைப் பிடித்திருந்தது. காய்த்துப்போன, தடித்த கை. வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றியில் விபூதி.

"விடுப்பா, நான்தான் மொதல்ல பாத்தேன்."

"பாத்தது நீங்க. எடுத்தது நானு."

"எடுத்தா? எங்க எடுத்த? இன்னும் உள்ளதான கீது?"

பாய் வந்து தீர்த்துவைத்தார். "யாரு கை மொதல்ல பட்டுச்சோ அவங்களுக்கு. இவரு கை மேல உங்க கை கீது பாருங்க தம்பி." தட்டு அவருக்குப் போயிற்று. நான் உர்ரென்று வெளியேறி, சென்ட்ரலுக்கு வந்து ரயிலில் உட்கார்ந்தால், எதிர் சீட்டில் அதே ஆள். மடியில் அதே தட்டு. ஆவடியில் இறங்கிவிடுவார் என்று பார்த்தேன். திருவள்ளூரில் இறங்குவார் என்று பார்த்தேன். அரக்கோணமும் தாண்டியது.

"இன்னாப்பா, என் பின்னாடியே வந்துகினு கீற?" என்றார்.

"நான் திருத்தணி. நீங்கதான் என் பின்னாடி வர்றீங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த தட்டு நழுவி விழப் பார்த்தது. அவரும் திருத்தணிதான். ஊருக்கு வெளியே பள்ளிப்பட்டு ரோட்டில் வீடு, கரும்பும் கடலையும் போடுகிற நிலம். பெயர் முனிரத்தினம்.

லுங்கித்துணி உறைகள்

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒன்றாகப் போனோம். நண்பர்கள் என்று சொல்லமுடியாது, போட்டிக்காரர்கள். ரயிலை விட்டு இறங்கினதும் நடையில் வேகம் கூடும். கடை வாசலில் ஒருவரை ஒருவர் தோளால் இடிப்போம். பாய் சொன்ன தீர்ப்பே எங்களுக்குள் சட்டமாகிவிட்டது. எவன் கை முதலில் விழுகிறதோ அவனுக்கு. கெஞ்சக்கூடாது, விட்டுக்கொடுக்கக்கூடாது. ஒருமுறை எனக்குப் பிறந்தநாள் என்று தெரிந்தும், நான் வருஷக்கணக்காகத் தேடிய தெலுங்கு நாடகப் பாட்டு ஒன்றை என் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போனார். "வூட்டுக்கு வா, காபி குடிச்சிகினே கேக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த வீட்டில் அவர் தட்டுகள் இருந்த விதம் தனி. மகன் பாஸ்கருக்கு ஆர்.கே.பேட்டையில் தறி வியாபாரம். மிஞ்சிய லுங்கித் துண்டுகளை அவன் கொண்டுவர, அண்ணி ராஜம்மா ஒவ்வொரு தட்டுக்கும் உறை தைத்திருந்தார். பச்சைக் கட்டம், நீலக் கட்டம், செங்கல் நிறத்தில் கட்டம். அலமாரியைத் திறந்தால் துணிக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். "இவரு இடுப்புக்குக்கூட இவ்ளோ துணி வாங்குனது இல்ல" என்பார் அண்ணி.

இதற்குள் சிடி வந்து கேசட்டைத் தின்ன ஆரம்பித்திருந்தது. பாய் கடை வாசலில் பழைய சிடிக்கள் பெட்டி பெட்டியாக வந்து உட்கார்ந்தன. ஜனங்கள் அதை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்து வாங்கினார்கள். தட்டுகள் பின்பக்கத்துக்கும், பிறகு பரணுக்கும் போயின. நாங்கள் இருவரும் ஏணி போட்டு ஏறினோம்.

ஒரு பொங்கலுக்குப் பிறகு அண்ணன் வரவில்லை. கரும்பு வெட்டு நேரம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நானும் அதையே நினைத்துக்கொண்டேன். மாசி போயிற்று. பங்குனி வெயில் ஏற ஆரம்பித்தது. அப்போது என்னிடமும் போன் கிடையாது, அவரிடமும் கிடையாது. அடுத்த வாரம் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் கடைக்குத் தனியாகப் போனேன். தரையில் நான்கைந்து அட்டைப்பெட்டிகள். பச்சைக் கட்டம். நீலக் கட்டம். செங்கல் நிறக் கட்டம்.

நான் குனிந்தது தெரியும். நிமிர்ந்தது நினைவில்லை. பாய் என்னைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"இது எப்படி பாய் இங்க வந்துச்சு?"

"ஒரு ஆளு டெம்போல கொண்டாந்து எறக்குனாரு தம்பி. வூட்ல பெரியவருதுன்னாரு. மேல ஒன்னும் பேசல. கண்ணு கலங்கிகினே இருந்துச்சு, நானும் நோண்டல." பாய் பெட்டியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "மொத்தமா வர்றது அப்படித்தான தம்பி வரும். ஆள் போனப்பறம்தான்."

"இது முனிரத்தினம் அண்ணனோடது பாய்."

பாய் கையில் இருந்த டம்ளர் சிடி பெட்டிமேல் சாய்ந்தது. அவர் அந்த உறைகளைப் பார்த்ததே இல்லை. அண்ணன் வாங்கிப்போவது கடைக் காகிதத்தில்தானே. ஒரு தட்டைத் தொடவும் எனக்கு மனம் வரவில்லை. செத்தவர் அலமாரிக்குள் கைவிடுவது போல இருந்தது. அப்படியே எழுந்து சென்ட்ரலுக்கு நடந்தேன்.

"சாமிக்கா?"

திருத்தணியில் இறங்கும்போது சாயங்காலம். மலையடிவாரத்துப் பூக்கடையில் மாலை கேட்டேன். பூக்கார அம்மா தொங்கவிட்டிருந்த மாலையைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டே, "சாமிக்கா?" என்றார்.

"இல்லீங்க."

அவர் கை நின்றது. அந்த மாலையைத் திரும்பக் கொக்கியில் மாட்டினார். கீழே கூடையிலிருந்து வேறொன்றை எடுத்து, இலையில் சுற்றி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "வயசானவங்களா?" என்று மட்டும் கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

பள்ளிப்பட்டு ரோட்டு பஸ்ஸில் என்னென்னவோ ஓடிற்று. காரியமெல்லாம் முடிந்திருக்கும். ஒரே ஊர், எனக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பவில்லை. அதிலும் பாஸ்கர்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. அப்பன் போய் ஈரம் காயுமுன் டெம்போ பிடித்துவிட்டானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். வாசலில் பந்தல் போட்ட அடையாளம் இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

கதவு திறந்தது.

சிலேட்டு

அவர் சத்தம் கேட்டு அண்ணி ஓடிவந்தார். மாலையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அண்ணிக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

"அடப்பாவி! உன் வாயில மண்ணு விழ! யாருக்குடா வாங்கியாந்த அத?" மாலையைப் பிடுங்கி, வீட்டைச் சுற்றி ஓடி, மாட்டுக்கொட்டகைப் பக்கம் வீசினார். அங்கே கட்டியிருந்த எருமை அதை முகர்ந்து பார்த்து, ரோஜாவிலிருந்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

"அண்ணி, ரெக்கார்டெல்லாம் பாய் கடையில பாத்தேன். அண்ணனே போயிட்டாருன்னு..." எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணா, உங்க தட்டெல்லாம் வித்துட்டாங்கண்ணா! பாஸ்கர் வித்துட்டான்!"

அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் கேக்காது," என்றார் அண்ணி.

நான் திரும்பினேன்.

"கேக்காதுப்பா. ஒரு காது ரொம்ப வருசமாவே மந்தம். யார்கிட்டயும் சொல்ல வுடமாட்டாரு. பொங்கல் கழிஞ்சி ஒருநாள் காலைல எழுந்து, 'ஏன் காக்கா கத்தலை'ன்னு கேட்டாரு. அவ்ளோதான். இன்னொரு காதும் பூட்ச்சி. வேலூரு ஆஸ்பத்திரில காட்னோம். ஊசி போட்டாங்க. வரலை."

ரயிலில் எப்போதும் என்னைத் தன் இடப்பக்கம்தான் உட்காரவைப்பார். ஜன்னல் காற்று வேண்டுமென்று கேட்டாலும் மாறமாட்டார். அது பிடிவாதம் என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"ரேடியோகிராம்ல ஒன்ன போடுவாரு. சத்தத்த முழுசா வெப்பாரு. ரோட்ல போறவன்லாம் நின்னு பாப்பான். இவரு பொட்டிமேல கைய வெச்சிகினு உக்காந்து கெடப்பாரு. அப்பறம் எழுந்து வேற தட்டு. இப்படியே ஒரு மாசம். ஒருநாள் பாஸ்கரக் கூப்ட்டு, எல்லாத்தையும் எடுத்தும்போய் குடுத்துட்டு வான்னாரு. அவன் மாட்டேன்னு அழுதான். இவருதான் வெரட்னாரு."

பேரப்பிள்ளையின் சிலேட்டு ஒன்று சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதை என்னிடம் கொடுத்தார். எழுதினேன்: பாய் கடையில் உங்கள் தட்டுகளைப் பார்த்தேன்.

அண்ணன் படித்தார். முகம் மலர்ந்தது. நான் எதிர்பார்க்காத மலர்ச்சி.

"பாத்துட்டியா? நெனச்சேன்! எங்க? பஸ்ஸ்டாண்டுல வெச்சிட்டு வந்தியா?" எட்டி வாசலைப் பார்த்தார்.

நான் விழித்தேன். சிலேட்டில் எழுதினேன்: வாங்கவில்லை.

"இன்னாது?" அவர் குரலில் ஓடு பெயர்ந்துவிடும் போலிருந்தது. "வாங்கலயா? பாத்தேன்ற, அங்கயே வுட்டுட்டு வந்தேன்றியா? பாஸ்கர எதுக்கு அந்தக் கடைக்கு அனுப்சேன்? ஊர்ல வேற கடையே இல்லியா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னாண்ட நேரா குடுத்தா நீ வாங்குவியா? காது வந்துடும்ணா, நீங்களே வெச்சிக்கங்கன்னு சொல்லுவ. என்னப் பாத்துப் பரிதாபப்படுவ. நமக்குள்ள அந்தப் பழக்கமே கெடயாது. ஞாயித்துக்கெழம ஆனா நீ பாய் கடைக்கு வருவ, உன் கைதான் மொதல்ல வுழும்னு அனுப்சேன். நீ இன்னாடான்னா..." மாட்டுக்கொட்டகைப் பக்கம் கை காட்டினார். "மாலையும் கையுமா வந்து நிக்கற!"

நான் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் உயிரோடிருந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை. அதற்குள் இது.

"எவனாவது தூக்கினு பூடுவான்டா," என்றார். அந்த ஒன்றை மட்டும் மெதுவாகச் சொன்னார். "காலைல மொத வண்டி. நானும் வரேன்."

வெறும் உறைகள்

மறுநாள் கடையை நான் திறக்கவில்லை. மனு எழுத வந்தவர்கள் பூட்டைப் பார்த்துத் திட்டியிருப்பார்கள். ரயிலில் சிலேட்டு என் பையிலேயே கிடந்தது.

பாய் அப்போதுதான் கடை திறந்து, சிடி பெட்டிகளை வெளியே இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த பெட்டி தெருவில் கவிழ்ந்தது. "யா அல்லா!" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். அண்ணன் அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

மூலையில் அந்தக் கட்டம் போட்ட உறைகள் குவிந்து கிடந்தன. துவைக்கப் போட்ட துணி மாதிரி, எல்லாம் வெறுமையாக.

"நேத்து சாயங்காலம் பெங்களூர்க்காரர் ஒருத்தர் வந்தாரு தம்பி," என்றார் பாய். அவருக்கு மூச்சு இன்னும் சீராகவில்லை. "நல்லதெல்லாம் பொறுக்கிட்டாரு. துணி வேணாம்னு உருவிப் போட்டுட்டாரு. நீங்க வேற ஒன்னும் தொடாம போனீங்களே, உங்களுக்கு வேணாம்னு நெனச்சேன்."

பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. அன்றைக்கு ரயிலில் அவர் மடியில் வந்த நாகஸ்வரத் தட்டும் இல்லை. நான் அண்ணன் பக்கம் திரும்பப் பயந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, அண்ணி தைத்த உறைகளை ஒவ்வொன்றாக உதறி, நீவி, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பச்சைக் கட்ட உறையைக் கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தார். எந்தத் தட்டினுடையது என்று தெரிந்திருக்கும்.

அடுக்கி முடித்ததும் எழுந்தார். மிச்சமிருந்த பெட்டிகளின் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ம். கைய வை," என்றார் என்னைப் பார்த்து.

வைத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தேன். கண் மறைத்தது. அவர் கை கடைசிவரை முன்னால் வரவில்லை.

பாய் வழக்கம்போல ஒவ்வொன்றையும் பிளேயரில் போட்டுக் காட்டினார். அண்ணன் குனிந்து முள்ளையே கவனித்தார். ஒரு தட்டில் முள் துள்ளி, துள்ளி, அதே இடத்துக்கு வந்தது.

"குதிக்குது பார். கீறல். எவனோ பாழ் பண்ணி வெச்சிகிறான். இது வேணாம்."

பாய் என்னைப் பார்த்தார். நான் அந்தத் தட்டின் செங்கல் நிற உறையைத் தூக்கிக் காட்டினேன். அண்ணன் அதைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"என்னுதா?" என்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பாயும் சிரித்தார். எனக்குத்தான் வரவில்லை.

அவருக்குக் காது திரும்பவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகும் பல வருஷம், அவர் படுக்கையில் விழும்வரை, ஞாயிறுகளில் என்னோடு வந்தார். தட்டின் பள்ளத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, எடு, வேண்டாம் என்பார். இதையெல்லாம் அன்றைக்கு நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் அவருடைய உறைகளிலேயே போட்டு, கயிற்றால் கட்டி முடித்ததும் விலைப் பேச்சு வந்தது.

பேரத்தை அவர் எனக்கு விடவில்லை. பாய் ஒன்று சொல்ல, நான் சிலேட்டில் எழுதிக் காட்ட, அண்ணனுக்கு வந்ததே கோபம். "எம்பொருளு! எனக்கே இந்த வெலையா? நீ வா தம்பி, போலாம்!" என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கி விடுவிடுவென்று நடந்தார். கட்டு கடைக்குள்ளேயே கிடந்தது. பின்னாலிருந்து பாய், "பெரியவரே! அட, வாங்க பெரியவரே! நீங்க சொன்னதுக்கே எடுத்துக்கங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

அண்ணன் திரும்பவில்லை. நேராகப் பார்த்து நடந்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தெருமுனை டீக்கடைவரை கேட்கிற குரலில் கேட்டார்:

"கூப்புட்றானா?"

நான் தலையாட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் நட," என்றார்.